கூறைப்புடவை கட்டிய வாழை

எனக்குப் பேய், பிசாசு பயமெல்லாம் கிடையாது. கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். தமிழர்கள் கூடி வாழ்ந்த தேக்கா வட்டாரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கத்தில் ஒரு வாழை மரம் கல்யாணப் பெண்ணாக நின்றதைப் பார்த்த பிறகு, அப்படிச் சொல்லிக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். வந்தவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத எனக்கு அது தண்டனை மாதிரியான உத்தியோகம். அந்த வீட்டில் குடியிருந்த மற்றவர்கள் என்னைக் கிராணியம்மா, அதாவது குமாஸ்தா அம்மா, என்று கூப்பிடுவார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

மாதர் சாசனம் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று அது சொன்னதைப் பற்றித்தான் ஊரே பேசியது. கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் நின்று தேநீர் குடிக்கிற ஆண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், உள்ளுக்குள் எரிச்சலோடு. எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது வேறு. கல்யாணம் செய்துகொள்கிற இருவரும் தாங்களாகச் சம்மதிக்க வேண்டும், அதையும் அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை தட்டச்சு செய்த சில தாள்களைச் சுற்றுக்கு விட்டிருந்தார். உலக நாடுகள் கூடிப் பாரிஸில் நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனம் அது. அதில் கல்யாணத்துக்கும் ஓர் இடம் இருந்தது. யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனத்தோடு இருவரும் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று. 'பாரிஸில் எழுதுவதற்கு என்ன, நம்ம தேக்கா பஃபலோ ரோட்டுக்கு இதை யார் கொண்டுவரப் போகிறார்கள்?' என்று வகுப்பில் கேலி செய்தவள் நான்தான். கடைசியில் அதே பேச்சின் சாயல் எங்கள் ஊர்ச் சட்டத்தில் ஏறியது. அதைத் தினமும் வாயால் கேட்கிற வேலையும் என் தலையிலேயே வந்து விடிந்தது.

கேட்பது சுலபம். பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. நம் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். குனிந்தால் சம்மதம் என்று அர்த்தம், வேண்டாம் என்பதற்குத் தலை வேறு எங்கேயும் போகாது. எங்கள் அதிகாரி ஒரு சீனர், நிதானமான மனிதர். குனிந்த தலையை அவர் கணக்கில் எடுக்க மாட்டார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, குரல் காதில் விழும்வரை காத்திருப்பார். அந்த நேரத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு வேர்த்துக் கொட்டும்.

இனி வாழைக்கு வருகிறேன்.

நானும் என் அம்மாவும் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். எங்கள் ஜன்னலைத் திறந்தால் பின்பக்க முற்றம், குழாயடி, சுவரோரம் ஒரு வாழைக் கூட்டம். முற்றத்தை ஒட்டிய கீழ்வீட்டில் துறைமுகத்து மண்டோர் ஒருவரின் குடும்பம் இருந்தது. ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி அவர், வீட்டில் பேச்சு மனைவியுடையது. அவர்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. பெரியவளை நீசூனில் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். கடற்படைத் தளத்தில் ஸ்டோர் பார்க்கிறவர், முதல் மனைவியை இழந்தவர். கல்யாணமாகிப் போன இரண்டாம் வருஷமே பெரியவளும் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை.

அதற்குப் பிறகு அவளைப் பெற்ற அந்த அம்மா சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றால் ஒரு வேளை, இரண்டு வேளை இல்லை. கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் பார்த்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே சின்னவள் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன். குழாயடியில் பெரியவள் குனிந்து குடம் வைத்துக்கொண்டிருந்தாள். அதே நீலப் புடவை, அதே மாதிரி ஒரு பக்கமாக இழுத்துப் போட்ட கொண்டை. அவள் செத்துப்போனது அந்த ஒரு நொடி எனக்கு ஞாபகமே இல்லை.

"எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பினாள். சின்னவள்தான். அவளோ முகம் மாறாமல் பதில் சொன்னாள்.

"காலையிலதான் வந்தேன்க்கா. அவருக்கு இன்னிக்கு லீவு."

பெரியவள் நீசூனிலிருந்து வரும்போதெல்லாம் சொல்கிற பதில் அது. குரல்கூட அவளுடையது. நான் குடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னடி பேசறே நீ?"

"அப்படிச் சொன்னாத்தான்க்கா அம்மா சாப்பிடுறாங்க" என்றாள், இப்போது தன் குரலில். "பெரியவளேன்னு கூப்பிடுறாங்க. நான் வரலேன்னா தட்டத் தள்ளி வெச்சிடுறாங்க. மொதல்ல சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு."

இப்போது நாள் முழுக்க அவள்தான் பெரியவள். அக்காவின் புடவை, அக்காவின் கொலுசு, அக்கா உட்கார்கிற இடம். அடுத்த கட்டத்துக்கு அந்த அம்மா தானாகவே போய்விட்டார். பெரியவள் எத்தனை நாளைக்கு அம்மா வீட்டில் இருப்பாள், புருஷன் வீட்டுக்குப் போக வேண்டாமா? சம்பந்தம் விட்டுப்போகக் கூடாது என்று உறவுக்காரர்களும் ஒத்து ஊதினார்கள். அக்கா இடத்துக்குத் தங்கை போவது ஊரில் நடக்காததா என்றார்கள். சின்னவளை அத்தானுக்கே கொடுப்பது என்று முடிவானது. அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இருபத்தொன்றுக்குக் கீழே என்றால் சட்டப்படி அப்பாவின் சம்மதமும் வேண்டும், அது அப்பாவிடம் தயாராக இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழாயடியில் அவளை மடக்கினேன். "உனக்கு இதுல இஷ்டமா, இல்லையா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யாருக்குக்கா? எனக்கா, அக்காவுக்கா?" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அங்க ஆபீஸ்ல கேப்பாங்க. உன்னைத்தான் கேப்பாங்க, உங்க அம்மாவை இல்ல. வாயத் தொறந்து சொல்லணும்" என்றேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜோசியம் பார்த்ததில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு மனைவிகளை இழந்தவருக்கு மூன்றாவது மனைவி தங்க மாட்டாள் என்றார்கள். அதற்கு நம்மிடம் ஒரு வழி உண்டு. முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை மனைவியாக்கி, உடனே வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். மூன்றாவது என்ற கெடுதல் வாழையோடு போய்விடும். வருகிற பெண் நான்காவது, பிழைத்துக்கொள்வாள்.

அன்று காலையில் மழை விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தேன். முற்றத்தில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கல்யாணத்தில் கட்டிய அரக்குக் கூறைப்புடவை, தலையில் பூச்சரம். தலைக்கு மேலே இலைகள் அசைந்த பிறகுதான் அது வாழை என்று உறைத்தது. பெரியவளின் புடவையை மரத்துக்குச் சுற்றியிருந்தார்கள். சுற்றியது அவள் அம்மா. மடிப்பு வைத்து, இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து விட்டு, உயிருள்ள பெண்ணுக்குக் கட்டுவது போலவே கட்டியிருந்தார். என் அம்மா எனக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றைக் கட்டினார். புடவையை அவிழ்த்ததும் பாராங் கத்தியால் ஒரே வெட்டு. மரம் சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் விழுந்தது. அந்த அம்மா ஓடிவந்து அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். சடங்குக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர் அழுதது அந்த அழுகை இல்லை. கையிலிருந்த கூறைப்புடவையில் வாழைப்பால் வழிந்து பழுப்பாகத் திட்டுத் திட்டாக இறங்கியது. அந்தக் கறை எதற்கும் போகாது. அழுகிற அம்மாவைச் சின்னவள் தூரத்தில் நின்று பார்த்தாள். அம்மாவைத் தூக்க யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் முற்றத்தில் ஒரே பேச்சு. வெட்டிய இடத்தின் நடுவிலிருந்து வெளுத்த குருத்து ஒரு ஜாண் உயரத்துக்கு மேலே வந்திருந்தது. வாழை அப்படித்தான், வெட்டினாலும் உள்ளே இருக்கிற குருத்து வளர்ந்துகொண்டேயிருக்கும். எனக்கும் தெரியும், அங்கே நின்றவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அவிழ்க்க மறந்த மஞ்சள் கயிறு அடிமரத்தில் அப்படியே இருக்க, அதற்கு மேலே வெள்ளையாக ஏதோ எழுந்து நின்றதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"பாத்தீங்களா கிராணியம்மா" என்றார் அந்த அம்மா. முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. "நான்தான் சொன்னேனே, அவ எங்கயும் போகல."

அடுத்த நாள் அவர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். இந்தக் குடும்பத்தைத் தெரியும், வேறு ஆளைப் போடுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். வேறு தமிழ் ஆள் இல்லை, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்றார். சின்னவள் அந்தக் கூறைப்புடவையில் வந்திருந்தாள். பழுப்புக் கறை மடிப்பில் தெரிந்தது.

அதிகாரி மாப்பிள்ளையிடம் முதலில் கேட்டார். இதற்கு முன் எத்தனை முறை கல்யாணம் ஆனது?

"மூணு" என்றார் மாப்பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இரண்டு மரணச் சான்றிதழ்கள் மேசையில் இருந்தன. மூன்றாவது மனைவி எங்கே என்று அதிகாரி கேட்டார்.

"முந்தாநாள் வெட்டியாச்சுங்க."

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கண் கதவுப் பக்கம் போய் வந்தது. யாரை வெட்டினார் என்று கேட்கச் சொன்னார். வாழையை என்று மாப்பிள்ளை விளக்கினார். நான் ஒவ்வொரு வார்த்தையாக அதை ஆங்கிலமாக்கினேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதிகாரியும் சிரிக்கவில்லை. தங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்களுக்கே கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் உண்டு என்றார், என்னிடம் தனியாகச் சொல்வது போல. பிறகு, இரண்டு என்றுதான் எழுத முடியும் என்றார். மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ரெண்டுன்னு எழுதாதீங்க ஐயா. ரெண்டுன்னா இந்தப் புள்ள மூணாவதாயிடும். இதுவும் செத்துப் போயிடும்."

"காகிதம்தானே லா மாப்பிள்ளை, எழுதிக்கிட்டுப் போகட்டும்" என்றார் பெண்ணின் அப்பா.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வாழையை யாரும் கேக்கல, அதுவும் சரின்னு சொல்லல. சம்மதமான்னு கேட்டு, பதில் வாங்காத எதையும் பொண்டாட்டின்னு இந்தச் சட்டத்துல எழுத முடியாதாம்."

அதுவரை கறையையே பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் தலையை நிமிர்த்தினாள்.

வேறு வழியில்லாமல் இரண்டு என்றே எழுதப்பட்டது. உங்களுக்குச் சம்மதமா என்று அதிகாரி மாப்பிள்ளையைக் கேட்டார். "பெரியவங்க சொன்னா சரி" என்றார் அவர். பெரியவர்களைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன் என்றார் அதிகாரி. மாப்பிள்ளை கூறைப்புடவையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், "சரி" என்றார். காற்றுதான் வந்தது, குரலைக் காணோம். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. இருக்கட்டும் என்பது போலக் கையைக் காட்டிவிட்டுச் சின்னவளிடம் திரும்பினார்.

நான் கேட்டேன். எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்விதான். "இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமா?"

அவள் தலை குனிந்தது.

"சம்மதம்தாங்க, தலைய ஆட்டிட்டாளே" என்றார் அம்மா. அதிகாரி பேனாவை மூடி வைத்தார். மின்விசிறி சுற்றியது. அப்பா கைக்குட்டையை எடுத்தார். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, ஒன்றும் செய்ய முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அவள் பக்கம் சாய்ந்து, கன்னத்தைத் தடவி, சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில், "சொல்லு, பெரியவளே" என்றார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்தது. எந்தக் குரல் வரப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

"பெரியவ செத்துட்டாம்மா" என்றாள். "நான் சின்னவ. எனக்குச் சம்மதமில்ல."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சின்னவள் சொன்னதை அவளாகவே நின்று சொல்வதுதான் எங்கள் வேலையின் முறை. என் அக்கா இறந்துவிட்டாள், நான் சின்னவள், எனக்குச் சம்மதமில்லை என்று, என் குரல் எனக்கே கேட்கும்படி சொன்னேன். அதிகாரி தாளை மூடி ஓரமாக வைத்தார். நன்றி என்று அவளைப் பார்த்துச் சொன்னார்.

படியிறங்கும்போது மாப்பிள்ளை என் அருகில் வந்தார். "நல்லதாப் போச்சும்மா" என்றார். "அந்தப் புடவையப் பாக்கும்போதெல்லாம் எனக்கும் பயந்தான். என்னையும் யாரும் கேக்கல." சொல்லிவிட்டு நீசூன் பஸ்ஸுக்குப் போனவர் எங்கள் வீட்டுப் பக்கம் மறுபடி வரவில்லை.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டிலிருந்து குரல் கேட்டது. "பெரியவளே." பதில் இல்லை. மறுபடியும், கொஞ்சம் கெஞ்சலாக, "பெரியவளே." சின்னவள் அடுப்படியில்தான் இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது. பதில் சொல்லவில்லை. அந்த அம்மா மறுபடி பட்டினி கிடந்து செத்துப்போவார், அந்தப் பழி சின்னவள் மேல் விழும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பிரகடனத்தில் இதற்கு ஒரு வழியும் எழுதவில்லை.

அவர் சாகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வெட்டிய வாழைக்கு எதிரே உட்கார்ந்து, "சாப்பிட்டியா பெரியவளே" என்று கேட்டு, தானும் சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். குருத்து விரிந்து காய்ந்தது, பக்கத்தில் கன்றுகள் வந்தன. அவர் தண்ணீர் ஊற்றினார், பேசினார். சின்னவளோடு மட்டும் பேசவில்லை. அவள் தேக்காவில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், தன் சம்பளத்தில் தனக்கென்று பாவாடை தைத்துக்கொண்டாள், கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வருஷக் கணக்கில் அப்படி வாழ்ந்தார்கள்.

பிறகு அந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் அடுக்குமாடி வீடு. அவர்களுக்குத் தோ பாயோவில் கிடைத்தது. லோரி வந்து நின்றது, சாமான் ஏறியது. அந்த அம்மா வாழைக் கூட்டத்துக்கு முன்னால் பாராங்கோடு நின்றிருந்தார். நான் மாடியில் பானையும் கையுமாக எட்டிப் பார்த்தேன்.

"சின்னவளே" என்றார்.

அவள் லோரியிலிருந்து இறங்கி வந்தாள். அவளால் நம்ப முடியவில்லை என்று நடையிலேயே தெரிந்தது.

"ஒரு கன்னு எடுத்துக்கிட்டு வரவா? பிளாட்டுக்குக் கீழ வெச்சிக்கலாம்." அவர் குரல் தேய்ந்தது. "உனக்குச் சம்மதமா?"

சின்னவள் உடனே பதில் சொல்லவில்லை. லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். அந்த அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, பெண்ணை அவசரப்படுத்தவும் இல்லை. பாராங்கைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"சம்மதம்மா" என்றாள்.

அவளே தோண்டினாள். வேரையும் மண்ணையும் பெரியவளின் கூறைப்புடவையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். லோரியில் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கன்றை நிறுத்திவைத்தார்கள். லோரி திரும்பும்போது பார்த்தேன், அந்த அம்மா சின்னவளின் கையைப் பிடித்திருந்தார்.